மீனுக்குச் சான்று கிடையாது

என் தங்கைக்குக் குளிர்காலத்தில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்த அன்றே, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைத்துத் தருவதென்று முடிவு செய்தேன். யார் வரைந்த துணி என்று கேட்கவே வேண்டாம். எனக்கு ஒரே ஒரு டிசைனர்தான். மஞ்சள் மீனுக்கு ஊதாக் கண் வைக்க அந்த அம்மாவை விட்டால் ஆளே கிடையாது. நூற்று அறுபத்தெட்டுத் துண்டு வெட்டி, மீனுக்கு மேலே கிளி, கிளிக்குப் பக்கத்தில் பூசணிப்பூ என்று இரண்டு மாதம் முதுகு ஒடியத் தைத்து, உள்ளே பஞ்சும் வைத்தேன்.

தங்கை புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு அக்கா. அசல் சான்று எங்கே?"

"போர்வைக்கு எதுக்குடி சான்று?"

"நீ எந்தக் காலத்துல இருக்கே? இப்ப எல்லாரும் சான்றோடதான் போத்துறாங்க. இல்லேன்னா போலின்னு சொல்லிடுவாங்க. என் மானமே போயிடும்."

தங்கை மானம் போனால் எனக்கும் போகும். கிளம்பினேன்.

அசல் துணிச் சான்று அலுவலகம், போலி வண்ணங்களிலிருந்து பொதுமக்களைக் காக்கும் பொருட்டு நிறுவப்பட்டது. கோப்புகள் கெட்டுவிடக் கூடாதாம், உள்ளே ஏ.சி. போட்டுப் பல் கிட்டும் குளிர். அங்கே பெருக்கும் பெண் தன் கைக்குழந்தையை ஒரு மரப்பெட்டியில் படுக்கவைத்து, மேலே ஒரு கோணியைப் போட்டிருந்தாள். பாவமாக இருந்தது. ஆனால் என் வேலை எனக்கு.

சரிபார்ப்பு அதிகாரி போர்வையை மேஜையில் விரித்தார். "இது அந்த டிசைனரம்மா துணிதான்னு எப்படி நம்புறது?"

"இந்த மீனைப் பாருங்க சார். வேற யாருக்கு இப்படி வரைய வரும்?"

"மீனுக்குச் சான்று கிடையாதும்மா. பேருக்குத்தான். பேர் எங்கே?"

"அது துணியோட ஓரத்துல அச்சடிச்சிருக்கும். தைக்கிறதுக்கு முன்னாடி ஓரத்தை வெட்டிடுவோம் சார். அது அழுத்தமா இருக்கும், துவைச்சா சுருக்கம் விழும்."

"அசலை வெட்டிட்டு மிச்சத்தைத் தைச்சிருக்கீங்க." அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

நல்லவேளை, எதையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. பிஸ்கட் டப்பாவில் கிடந்த ஓரப்பட்டைகளை எடுத்து, துண்டுக்கு ஒரு பெயர் வீதம் நூற்று அறுபத்தெட்டு இடத்தில் தைத்தேன். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

"அக்கா, பிள்ளை தும்முது. சான்று எப்ப வரும்?" என்று தங்கை போன் பண்ணினாள்.

"அதுவரைக்கும் வேற ஏதாவது போத்துடி!"

"சான்று இல்லாததை எப்படிப் போத்துறது? நாளெல்லாம் ஆளுங்க பார்க்க வர்றாங்க."

மறுபடி ஓடினேன். அதிகாரி பூதக்கண்ணாடியை இறக்கினார்.

"ஓரம் அசல். சந்தேகமே இல்ல. ஆனா நடுவுல இந்த மீன், கிளி எல்லாம் எதுக்கு? அதுல பேர் இல்லையே."

"ரெண்டும் ஒரே துணி சார்!"

"ஒட்டியிருந்த வரைக்கும் ஒரே துணி. நீங்கதானே வெட்டினீங்க? இப்ப ஓரம் அசல், நடு சந்தேகத்துக்குரியது. பஞ்சுலயும் பேர் இல்ல. எல்லாத்தையும் இங்கேயே பிரிச்சு அந்தக் கூடையில போட்டுடுங்க."

அந்தக் குளிரில் உட்கார்ந்து, நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மீனையும் கிளியையும் என் கையாலேயே பிரித்துப் போட்டேன். மூன்றாவது தடவை வெறும் ஓரப்பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துக் கொண்டுபோனேன். வெள்ளை வெளேரென்று, பெயர் பெயராக, காற்று உள்ளே புகுந்து வெளியே வரும் ஒரு போர்வை. அதிகாரி எழுந்து நின்று முத்திரை குத்தினார்.

தங்கைக்கு வாயெல்லாம் பல். "துவைச்சா முத்திரை அழிஞ்சுடும்க்கா" என்று தொட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டாள். கீழே பிள்ளை அவன் அப்பாவின் பழைய சட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அடுத்த மாதமே துணிக்கடையில் ஓரப்பட்டைக்கு வரிசை நின்றது. நடுத்துணியைக் கடைக்காரர் மேஜை துடைக்க வைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். போனேன். அதே குளிர், அதே மரப்பெட்டி. ஆனால் கோணியைக் காணோம். மஞ்சள் மீன், ஊதாக் கண், கிளி, பூசணிப்பூ, உள்ளே புசுபுசுவென்று என் பஞ்சு. எல்லாம் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அதற்குள்ளே பெருக்கும் பெண்ணின் குழந்தை கன்னம் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கூடையில போட்டதுதாம்மா. வீணாப் போகுதேன்னு எடுத்துத் தைச்சேன்" என்றாள் அவள், பயந்துபோய்.

அதிகாரிகூட எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. வீட்டில் தும்மும் பிள்ளையை நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இதுக்குச் சான்று வாங்கினியா?" என்று கேட்டேன்.