பூவாக்கு அண்ணனின் வண்டிச் செயின்

சாமி கும்பிடுகிறவர்களை எங்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சாமியை ஒரு நாள்கூடச் சும்மா உட்காரவிடாத மனுசர் ஒருத்தர்தான். அவர் எங்கள் வீடுகளில் பால் எடுத்துச் சென்டரில் ஊற்றும் ஊர்ப் பால்காரர், பூவாக்கு அண்ணன்.

பூவாக்கு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து மாரியம்மன் காலடியில் போட்டு, மனசில் இருப்பதைக் கேட்க வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். கல்யாணம், கிணறு வெட்டுவது என்று பெரிய காரியத்துக்குத்தான் நாங்கள் கேட்போம். அண்ணன் மீசை எடுப்பதற்கே கேட்பார். போனில் எந்த சிம் போடுவது என்று கேட்பார். ஒரு தடவை கடைவாய்ப் பல் ஆடி, பிடுங்கலாமா என்று கேட்டதற்குச் சிவப்பு வந்துவிட்டது. கன்னத்தில் கொய்யாப்பழத்தை அடக்கிக்கொண்ட மாதிரி வீடு வீடாகப் பால் எடுத்தார். கடைசியில் பல் தானாக விழுந்தது. "பாத்தியா அம்மிணி, ஊசி போடாமயே ஆத்தா புடுங்கிட்டா" என்று அதை என்னிடம் எடுத்தே காட்டினார்.

அப்படிப்பட்டவருக்கு வண்டிச் செயின் தேய்ந்துபோனது.

அவர் பைக் வருவது முன்பெல்லாம் தெரியாது. பிறகு கொரகொரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. செயின் தொங்கித் தொங்கி மூடியில் அடித்தது. இழுத்து வைத்தார், மறுபடி தொங்கியது. ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், அதற்கும் அசரவில்லை. ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி கத்துமே தவிர நகராது. செயின் மட்டும் சக்கரப் பல்லில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, செயினை மாத்தோணும்ங்க. அதோட..." என்று ஆரம்பித்தார். அண்ணன் அதற்குமேல் கேட்கவில்லை. "இரு சாமி, ஆத்தாளக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

சிவப்பு.

நல்ல நாள் பார்த்து இன்னொரு தடவை கேட்டார். அதுவும் சிவப்பு. சரி, ஆத்தாவுக்குப் பழைய செயின் மேல்தான் பிரியம் என்று அதற்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்து ஓட்டினார்.

அந்தச் செயின் ஒரு நாள் காலை ஏரிக்கரை மேட்டிலேயே கழன்று சக்கரத்தில் சிக்கியது. அதை எடுத்து மாட்டிப் போய்ச் சேர்வதற்குள் கேன் பாலெல்லாம் புளித்துவிட்டது. எங்கள் வீதிப் பால் மொத்தமும் வாய்க்காலில் போனது. பால் சென்டரில் இருந்தவர் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாராம். இன்னொரு நாள் இப்படி ஆனால் எங்கள் ஊர்ப் பாலை மினி வேன்காரரே எடுத்துக்கொள்வாராம். அண்ணனுக்கு நிலம் கிடையாது, மாடும் கிடையாது. அந்தப் பைக்கும் பால் கேனும்தான் பிழைப்பு.

அன்று சாயங்காலம் கோவிலில் நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். பூசாரிதான் யோசனை சொன்னார்: மாத்தலாமா என்று கேட்டது போதும், பழைய செயினிலேயே ஓட்டலாமா என்று கேட்டுப் பார்ப்போம். கேட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்தால், அதுவும் சிவப்பு.

மாற்றவும் கூடாது, மாற்றாமல் ஓட்டவும் கூடாது. வேறு யாராக இருந்தாலும் ஆத்தாவிடம் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் தெளிந்து, "ஓட்டத்தான வேண்டாங்கறா? தள்ளறத வேண்டாங்கலயே" என்றார்.

மறுநாளிலிருந்து தள்ளினார். இரண்டு பக்கமும் கேனைக் கட்டிய பைக்கைத் தார் ரோட்டில் தள்ளிக்கொண்டே போனார். அதற்காக எங்களை இருட்டோடு எழுப்பிப் பால் கறக்கச் சொன்னதில், எங்கள் பசு லட்சுமி என்னை ஒரு உதை விட்டது. வழியில் லாரிக்காரர்கள் நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், டேங்க் நிறைய இருக்கிறது, உத்தரவுதான் இல்லை என்பாராம். முதல் நாள் எப்படியோ போய்விட்டார். இரண்டாம் நாள் சென்டர் கதவைச் சாத்தும்போது கேனை உள்ளே நுழைத்தார். வீடு வந்தபோது கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் தள்ள முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அவர் வீட்டுக்காரம்மா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அதிகம் பேசாதவர். புருசன் காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார்.

"ஏனுங் தம்பி, அன்னிக்கு 'அதோட'ன்னு என்னமோ சொல்ல வந்தீங்களாமா. அது என்னங்க?"

பட்டறைக்காரர் பெருமூச்சு விட்டார். "அதக் கேக்கத்தான் ஆளில்லீங்க அக்கா. முன்னால ஒரு பல்சக்கரம், பின்னால ஒண்ணு. ரெண்டும் தேஞ்சு அருவா மாதிரி வளஞ்சு கெடக்குது. அதுல புதுச் செயினைப் போட்டா அதையும் தின்னுபோடும். மூணையும் செட்டா மாத்தோணும்ங்க."

அண்ணி அங்கிருந்து கோவிலுக்கு நடந்த நடையில் என்னால் கூடவே போக முடியவில்லை. அம்மன் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலச் சொன்னார்: "ஆத்தா, எங்கூட்டுக்காரரு பாதிதான் கேட்டாருங்க. முழுசா நான் கேக்கறேன். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், மூணையும் சேத்து மாத்தட்டுங்களா?"

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். பால் மாதிரி வெள்ளை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. புதுச் செயின் மட்டும் வேண்டாம் என்றாள், பழசும் ஆகாது என்றாள். இரண்டுமே சரிதானே? பூசாரிக்கு அன்று பெருமை தாங்கவில்லை. ஆத்தா சிங்கத்தோடு நிற்காமல் பைக்கும் ஓட்டுவாள் போல என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் மூன்றையும் மாட்டியாயிற்று. விடிந்ததும் கேனோடு அண்ணன் ஏரிக்கரை மேட்டில் ஏறியபோது நாங்கள் நாலைந்து பெண்கள் வாசலில் நின்று பார்த்தோம். வண்டி முனகாமல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் யாரும் உள்ளே போகவில்லை.

திரும்பி வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் வாசலில் வண்டியை நிறுத்தினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அம்மிணி, இன்னிக்கு சென்டர்ல மொத ஆளே நாந்தான்."

"சந்தோசம்ங்கண்ணா. மினி வேன்காரரு?"

"அந்தத் தம்பிய ஆத்தூர்ப் பக்கம் அனுப்பிட்டாங்களாமா. அவனுக்கும் பொழப்பு இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சொல்லக் கிளம்பினார்.

சாயங்காலம் விளக்கேற்றினேன். புருசன், பிள்ளைகள், மாடு கன்று என்று வரிசையாகச் சொல்லி வேண்டிக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கு அண்ணன் பேரைத்தான் முதலில் சொன்னேன். இன்றைக்கும் அந்த வரிசையை நான் மாற்றவில்லை.