முதுகுவலிக்கு விலக்கு உண்டு

பாய்கள் வரிசையாக விரிந்து கிடந்தன. ஆட்கள்தான் இல்லை. கடைசிப் பாயில் மட்டும் ஒருவர் மல்லாந்திருந்தார்.

"பாருங்க சார், சவாசனம் எவ்வளவு அழகா பண்றாரு!" என்று பூரித்தார் யோகா பயிற்சியாளர்.

மனிதவள அதிகாரி கிட்டே போய்ப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி விரல்விட்டு நாட்களை எண்ணினார். திடீரென்று ஒரு நாள், "ஊழியர்கள் ஆரோக்கியமே என் ஆரோக்கியம்" என்று முழங்கி இந்தத் திட்டத்தைத் தலையில் கட்டிவிட்டுப் போன முதலாளி, வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார். கூடம் நிறைந்திருந்தால் அதிகாரிக்கு மேலாளர் பதவி. இல்லாவிட்டால் இருக்கிற நாற்காலியும் போய்விடும் என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். சும்மா சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

முதலில், வருகிறவர்களுக்கெல்லாம் ஆப்பிள் என்று அறிவித்தார் அதிகாரி. கூட்டம் அலைமோதியது. ஆனால் ஒருவரும் குனியவில்லை, நிமிரவில்லை.

"கையில ஆப்பிள் இருக்கே சார், எப்படித் தூக்குறது?" என்று நியாயம் கேட்டார் டைப்பிஸ்ட் அம்மா.

சரி, படியாவது ஏறட்டும் என்று லிஃப்டை நிறுத்தினார். மூன்றாம் மாடிக் கணக்குப் பிரிவு கீழே இறங்குவதையே விட்டுவிட்டது. டீ, கயிறு கட்டிய வாளியில் மேலே போனது. அதே வாளியில் கோப்புகள் டீயில் நனைந்து கீழே வந்தன.

"முன்னாடி லிஃப்ட் வரைக்குமாவது நடந்தாங்க சார். அதையும் கெடுத்துட்டீங்களே!" என்று அங்கலாய்த்தார் வாட்ச்மேன்.

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்பு இனி கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனசு பண்ணி, உடம்புக்கு முடியாதவர்கள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் விலக்கு உண்டு என்றும் ஒரு வரி சேர்த்தார்.

மறுநாள் மேஜை நிறையச் சான்றிதழ். அலுவலகத்தில் ஒருவருக்கும் முதுகெலும்பு சரியில்லை.

"நேத்து பீரோவைத் தனியா நகர்த்தினீங்களே?" என்று கணக்கரை மடக்கினார்.

"அதுலதான் சார் போச்சு!"

அதிகாரி கையெழுத்தைப் பார்த்தார். அத்தனையும் ஒரே டாக்டர். அந்த டாக்டர் அவருடைய சொந்த மச்சான்! உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி என் வேலைக்கு உலை வைக்கிறான், தெரியுமா?"

"வாயை மூடுங்க. ஈ ஓட்டிட்டிருந்த கிளினிக்குல இன்னைக்குத்தான் வரிசை நிக்குது. அவன் நல்லா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே!" என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

போலிச் சான்றிதழ் என்று சொன்னால் வீட்டில் சோறு கிடையாது. சொல்லாவிட்டால் சோற்றுக்கே வழி கிடையாது.

வெள்ளிக்கிழமை முதலாளி உள்ளே நுழைந்தபோது, அந்தப் பெரிய கூடத்தில் அதிகாரி மட்டும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டோர் கீப்பர்கூட இல்லை. அவருக்குத் தூக்கமின்மை என்று சான்றிதழ்.

"எங்கய்யா ஆளுங்க?"

அதிகாரி சான்றிதழ்க் கட்டை நீட்டினார். முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் ஒரே டாக்டரா? தெரிஞ்சவரா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "என் மச்சான்தாங்க ஐயா."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது. அதிகாரி தன் மேஜைக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலையும் குடும்பப் படத்தையும் பைக்குள் போட்டார். அப்போது முதலாளியின் டிரைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், உங்க மச்சான் கிளினிக் எந்தத் தெரு? ஐயா கார்லயே காத்திருக்காரு. அவருக்கும் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துட்டா மேலாளர் பதவி உங்களுக்குத்தானாம். வீட்ல முதலாளியம்மா தினமும் ஐயாவை விடியறதுக்குள்ள எழுப்பி ஓட வச்சு உயிரை எடுக்குறாங்க சார், நாம மட்டும் ஏன் தனியா அவஸ்தைப்படணும்னுதானே அவரு இந்தத் திட்டத்தையே ஆரம்பிச்சாரு!"