இண்டிகேட்டர் அண்ணாச்சியும் எட்டு சிலிண்டர் வண்டியும்

சங்கரன்கோவிலில் நடந்து போகும்போதுகூட இண்டிகேட்டர் போட்ட ஒரே மனிதர் அவர்தான். காய்கறிக் கடைப் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பத்தடிக்கு முன்பே இடது கை நீளும். பிறகு தலை திரும்பிப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்க்கும். அதற்கப்புறம்தான் உடம்பு திரும்பும். ஒருமுறை இப்படி நீட்டிய கையைப் பார்த்து ஒரு மினி பஸ் நின்றுவிட்டது. நின்ற பஸ்ஸில் அவர் ஏறவில்லை. கண்டக்டருக்கு வந்ததே கோபம்.

“கை காட்டிட்டு ஏறாம போனா என்ன அண்ணாச்சி அர்த்தம்?”

“லெஃப்ட்டு திரும்புதேன்னு அர்த்தம்.”

அன்றிலிருந்து அவர் இண்டிகேட்டர் அண்ணாச்சி ஆனார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். யாருடைய கார் என்று நாங்கள் கேட்டதில்லை. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், சாலையில் போவது வலது பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். வந்த புதிதில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து இடது பக்கக் கம்பியைத் தட்டுவார், வைப்பர் ஓடும். சித்திரை வெயிலில், மேகம் என்று ஒன்று இருப்பதையே ஊர் மறந்துவிட்ட நாட்களில், கண்ணாடியைச் சரக் சரக் என்று துடைத்துக்கொண்டு ஒரு கார் ஒவ்வொரு முக்கிலும் திரும்பும். “அண்ணாச்சி வண்டி வருது, துணியக் காயப்போடலாமா வேண்டாமான்னு தெரியலையே” என்று பெண்கள் சிரிப்பார்கள்.

நாங்கள் கூடும் இடம் ராஜபாளையம் ரோட்டில் மாரியப்பன் வைத்திருக்கும் கார் கழுவும் ஷெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு, முறை வரும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்போம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னுடையது மூன்று கை மாறி வந்த வண்டி. ஆகவே நான் பேசமாட்டேன், கேட்பேன். பேசுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இண்டிகேட்டர். இன்னொருவர் ஜெர்மனி.

ஜெர்மனி என்பவர் விதைக்கடை முதலாளி. மகன் அந்த நாட்டில் வேலை பார்க்கிறான். இவர் அங்கே மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தார். அந்த மூன்று மாதமும் மகன் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் அவருடைய அனுபவம். ஆனால் ஊருக்கு வந்ததும் தெருவை அடைக்கிற அளவுக்கு ஒரு பெரிய வண்டி வாங்கினார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர். அதில் அதை ஓட்டுவார்.

“அங்கன ரோட்டுல ஸ்பீடு லிமிட்டே கெடையாது வே,” என்று ஜெர்மனி ஆரம்பிப்பார். “எம் மவன் நூத்தி எம்பதுல போறான். கையில காப்பி வச்சிருக்கேன். ஒரு சொட்டு சிந்தல.”

“எங்க ஊர்ல காப்பிய டேஷ்போர்டுல வச்சா தானா கொதிக்கும்,” என்பார் இண்டிகேட்டர். “மத்தியானம் ஸ்டியரிங்கத் தொட முடியாது. துணி சுத்தித்தான் பிடிக்கணும். மணல்காத்து அடிச்சா முன்னால போற வண்டி தெரியாது. அந்த ரோட்டுல நம்ம எட்டு சிலிண்டர் வண்டி, எஞ்சினே அவ்வளவு பெருசு, கப்பல் மாதிரி போகும் வே.”

“பனிக்குத் தனி டயரு, வெயிலுக்குத் தனி டயரு. வருசத்துக்கு ரெண்டு தடவ மாத்துதான். உம்ம குவைத்துல உண்டா?”

“பனியே இல்லாத ஊர்ல பனி டயர வச்சி இட்லியா அவிக்கது?”

மாரியப்பன் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொல்வான். “எந்த நாட்டு ரோடா இருந்தா எனக்கென்ன அண்ணாச்சி? எனக்குச் சகதி வேணும். நல்ல ரோடு போட்டா எம் பொழப்புல மண்ணு.”

இண்டிகேட்டர் பேசியதெல்லாம் செய்யவும் செய்தார். அதுதான் ஊருக்குக் கஷ்டமாக இருந்தது. ஹாரன் அடிக்கமாட்டார். ‘ஹாரன் அடிக்கது அடுத்தவன வையிறதுக்குச் சமம்’ என்பது அவர் கட்சி. பூ மார்க்கெட் பக்கம் தலையில் கூடையோடு நடுத்தெருவில் நடந்த ஒரு பெண்மணிக்குப் பின்னால், சத்தமே இல்லாமல், தெரு முழுக்க ஊர்ந்துகொண்டே போனார். தெருக்கோடியில் அந்த அம்மாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, மூக்குக்கு முன்னால் ஒரு கார் நிற்பதைக் கண்டு, கூடையைப் போட்டுவிட்டு அலறினாள். அண்ணாச்சி இறங்கி ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிக் கொடுத்தார். “ஒரு ஹாரன் அடிச்சிருக்கப்பிடாதா? பேதில போறவரே!” என்று அவள் வைததையும் முழுக்க நின்று கேட்டுக்கொண்டார்.

திருவேங்கடம் ரோட்டில் நடந்தது இன்னும் விசேஷம். உளுந்து அறுவடை முடிந்து செடிகளை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். கால் மணி நேரம் கழித்து வேப்பமரத்தடியிலிருந்து ஒரு விவசாயி எழுந்து வந்தார்.

“என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?”

“இல்ல. உளுந்து கெடக்குல்லா. எடுத்துக்கிட்டியன்னா போயிருவேன்.”

“எடுக்கவா? நீங்க மேல ஏறிப் போகணும்னுதான போட்டிருக்கு! அப்பதான உளுந்து உதிரும்!”

“திங்கிற பொருள் மேல எப்படிய்யா ஏத்துவேன்?”

“ஏத்துங்க. ஏத்திட்டுத் திரும்பி வந்து இன்னொருக்க ஏத்துங்க. ஒங்க வண்டி வெயிட்டு கம்மி.”

நாலு சுற்று சுற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இண்டிகேட்டர் போட்டார். “குவைத்துல இதுக்கு லைசென்சே பிடுங்கியிருப்பான்” என்று முனகிக்கொண்டே ஓட்டினார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ஜெர்மனி வரும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம். கடையநல்லூரிலிருந்து விதை வாங்க வந்த ஒரு பாய், குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவராம். அதே வீட்டில் சங்கரன்கோவில்காரர் ஒருவர் இருந்தார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

“என்ன வே,” என்றார் ஜெர்மனி, எல்லோருக்கும் கேட்கும்படி. “நம்ம எட்டு சிலிண்டர், நம்ம வண்டின்னு சொல்லுவீரு. அது அரபி வண்டியாம்லா? நீரு அங்கன வீட்டு டிரைவராம்லா?”

இண்டிகேட்டரின் வண்டி அப்போது கழுவும் மேடையில் நின்றது. மேலெல்லாம் சோப்பு நுரை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“ஆமா வே. வண்டி அவனுக்கு. ஓட்டுனது நான். அவன் பிள்ளைய நாலையும் தினம் ஸ்கூலுக்குக் கொண்டு விட்டு, கூட்டிட்டு வந்திருக்கேன். வண்டியிலயும் ஒரு கீறல் கெடையாது, பிள்ளைய மேலயும் ஒரு கீறல் கெடையாது.” துணியை மடித்தார். “எம் மவ இங்கன எந்த பஸ்ல ஸ்கூலுக்குப் போனான்னு எனக்குத் தெரியாது.”

பிறகு வண்டியில் ஏறினார். “அண்ணாச்சி, நுரை கழுவல!” என்று மாரியப்பன் கத்தியது கேட்டதோ இல்லையோ, கிளம்பிவிட்டார். உடம்பு முழுக்க வெள்ளை நுரையோடு ஒரு கார் ராஜபாளையம் ரோட்டில் போனது. அந்த நிலையிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் ரோட்டில் ஏறினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஷெட்டில் இருந்த நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஜெர்மனி டீயைப் பாதியில் வைத்துவிட்டு, “நான் சும்மா வெளயாட்டுக்குத்தான்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

அடுத்த மூன்று ஞாயிறும் இண்டிகேட்டர் வரவில்லை. ஜெர்மனி வந்தார். ஆனால் அவர் பேச ஆள் இல்லை. என்னிடம் பனி டயர் பற்றி ஆரம்பித்தார். நான் “அப்படியா” என்றேன். பேச்சு முடிந்துவிட்டது.

நாலாவது வாரம், ஒரு காலையில் ஜெர்மனி போன் பண்ணினார். மகனும் மருமகளும் நாலு வயதுப் பேத்தியும் மத்தியானம் மதுரையில் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். பேசி வைத்திருந்த டிரைவரின் போன் அணைந்து கிடக்கிறது. “சார், எனக்கு ஊரத் தாண்டி ஓட்டிப் பழக்கமில்ல. ஒங்களால முடியுமா?”

“நான் ராஜபாளையத்தத் தாண்டினதில்ல அண்ணாச்சி. ஓட்டக்கூடியவர் ஒருத்தர்தான் இருக்காரு.”

“நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிட?”

நான் போய்க் கூப்பிட்டேன். இண்டிகேட்டர் சட்னி தொட்டுத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். “பிளேன் எத்தன மணிக்கு? சின்னப் பிள்ளைக்கு என்ன வயசு?” பதில் சொன்னதும் கை கழுவிவிட்டு, நாற்காலி போட்டுப் பரணில் ஏறினார். போர்வையில் சுற்றிய ஒரு பெரிய மூட்டையை இறக்கி, தூசி தட்டி, தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டேன். “வாங்க சொல்லுதேன்” என்றார். சொல்லவில்லை.

பெரிய வண்டியில் இண்டிகேட்டர் ஓட்ட, ஜெர்மனி பக்கத்தில், நான் பின்னால். ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் நெரிசல். ஹாரன் இல்லாமல் நாங்கள் நகர்ந்தோம். எல்லோரும் எங்களை முந்தினார்கள். தள்ளுவண்டி முந்தியது. பொறுக்க முடியாமல் ஜெர்மனி குனிந்து, தன் கையாலேயே ஸ்டியரிங்கில் ஹாரனை அமுக்கிவிட்டார்.

இண்டிகேட்டர் இடது பக்கம் விளக்கைப் போட்டு, ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருகி அணைத்தார்.

“நீரு ஓட்டுதீரா வே? நான் எறங்கிக்கிடுதேன்.”

“இல்ல இல்ல. நீரே ஓட்டும்.” ஜெர்மனி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மதுரை வரை எடுக்கவில்லை.

நாலு வழிச் சாலையில் ஏறியதும் வேறு புலம்பல். முன்னால் போன பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே இண்டிகேட்டர் விட்டிருந்த இடைவெளியில் பத்து வண்டி நிறுத்தலாம். “இவ்வளவு எடம் விட்டா ஊர்ல உள்ளவனெல்லாம் புகுந்துருவான் வே!” என்றார் ஜெர்மனி. அப்படியே ஒரு கார் புகுந்தது. இண்டிகேட்டர் இன்னும் பின்வாங்கினார். அந்த நேரம் எதிரே ராங் சைடில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நிதானமாக வந்தது. பஸ் சடன் பிரேக் போட்டது. புகுந்த கார் பஸ்ஸின் முதுகில் மோதி முகம் நசுங்கி நின்றது. எங்கள் வண்டி எந்தக் குலுக்கலும் இல்லாமல், வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றது. அந்தக் காரில் இருந்தவர்களுக்கு நல்லவேளையாக ஒன்றுமில்லை. இறங்கிப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஜெர்மனி தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடி, கொஞ்சம் யோசித்து, மறுபடி திறந்து இண்டிகேட்டரிடம் நீட்டினார்.

“ஓட்டும்போது குடிக்கப்பிடாது வே,” என்றார் இண்டிகேட்டர். ஆனால் கிளம்புவதற்கு முன் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

விமான நிலையத்தில் பேத்தி ஓடி வந்தாள். காரின் பின்கதவைத் திறந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

“என் சீட் எங்க?”

“தாத்தா மடிதான் செல்லம் சீட்டு,” என்றார் ஜெர்மனி.

“மடி சீட் இல்ல. போலீஸ் பிடிக்கும்.” ரோட்டோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கெஞ்சினாள், அப்பா கெஞ்சினான். இண்டிகேட்டர் பின்னால் போய் மூட்டையைப் பிரித்தார். குழந்தை சீட். பெல்ட்டை இழுத்துப் பூட்டி, முழங்காலை ஊன்றி அழுத்தி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஏறு தாயி” என்றார். அவளும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். சீட் அரபி வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தது. தன் மகளுக்குப் பிள்ளை பிறந்தால் ஆகும் என்று கேட்டு வாங்கி, விமானத்தில் கொண்டுவந்தது. பேரன் பிறந்தான். ஆனால் மருமகனிடம் இருந்தது பைக்.

திரும்பும் வழியில், திருமங்கலம் தாண்டியதும், ஜெர்மனியின் மகன் பின்னாலிருந்து கேட்டான். “அங்கிள், நீங்க ஜெர்மனியில ஓட்டியிருக்கீங்களா? அங்க ஓட்டுற மாதிரியே ஓட்டுறீங்க.”

இண்டிகேட்டர் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார். ஜெர்மனி முந்திக்கொண்டார்.

“இவரு குவைத்துல இருபத்திரண்டு வருசம் ஓட்டுனவருடே. எட்டு சிலிண்டர் வண்டி. ஒரு கீறல் கெடையாது.” சற்று விட்டு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “நம்ம ஆளு.”

அடுத்த ஞாயிறு ஷெட்டில் மூன்று டீ சொன்னோம். பனி டயரும் மணல்காற்றும் மறுபடி மோதின. மாரியப்பன், “அப்பாடா” என்றான்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு காலை இண்டிகேட்டர் மாரியப்பனைக் கூப்பிட்டு, கழற்றி வைத்திருந்த ஒரு நம்பர் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் அந்தக் கோடியில் போய் நிற்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிப் படித்தார். மறு கண்ணை மூடிப் படித்தார். மூன்று எண் தப்பு. சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

“முடிஞ்சுது,” என்றார். “இனி நான் ஓட்டுனா தப்பு.”

“இந்த ஊர்ல யாரு வே பாக்கப் போறா?” என்றார் ஜெர்மனி.

“நான் பாக்கேன்லா?” என்றார். அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலை. இடது சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். கியர் மாற்றியது லேட், கண்ணாடி பார்க்கவில்லை, கோட்டைத் தொட்டுவிட்டேன் என்று வழி முழுக்கத் திட்டு. அவர் வீடு இருப்பது புளியங்குடி ரோட்டில். ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம். நான் கழுகுமலை ரோட்டில் திரும்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகிறேன். எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிற மனிதர், அந்தச் சுற்று வழியைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.