முதலாளி காரில் மூன்று வாரச் சந்தனம்

பயத்தில் வருகிற பக்திக்கு ஈடே கிடையாது. மூன்று வாரம் நான் அப்படிப்பட்ட பக்தனாக இருந்தேன். நான் கும்பிட்ட சாமி கோயிலில் இல்லை, என் முதலாளியுடைய காரின் இடப்பக்கக் கதவில் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் எனக்கு எடை எழுதும் வேலை. முதலாளி அந்த வருஷம்தான் பச்சை நிறத்தில் ஒரு கார் வாங்கியிருந்தார். ஆயுத பூஜை வந்தது. "ஏலே ராசு, திருஷ்டிப் பூசணிக்காய நீதான் சுத்தி ஒடைக்கிற" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தப்பு நேரக்கூடாதே என்று அன்று காலையில் எல்லோருக்கும் முன்பே முதலாளி வீட்டுக்குப் போய், வாசலில் நின்றிருந்த காருக்குப் பக்கத்தில் ஒத்திகை பார்த்தேன். (பூசணிக்காய் உடைக்க ஒத்திகை பார்த்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான்.)

இரண்டு சுற்று சரியாக வந்தது. மூன்றாவது சுற்றில் காயின் மேலிருந்த சாம்பல் பூச்சில் கை வழுக்கிவிட்டது. காய் பறந்துபோய்க் கதவில் மோதியது. காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்துவிட்டது.

உடனே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பூஜைக்கு அரைத்து வைத்திருந்த சந்தனத்தை அள்ளி ஒடுக்கில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தேகம் வராமலிருக்க வலப்பக்கக் கதவிலும் அதே அளவுக்கு அப்பினேன். "என்னா பயபக்தியாச் செய்றான் பாருங்க" என்று முதலாளியம்மா மெச்சினார்.

நாளைக்குச் சொல்வோம் என்று நாளைக் கடத்தினேன். டிரைவர் கருப்பையா அண்ணன் தினமும் காரைக் கழுவுவார். சாமிக்கு வைத்த பொட்டாயிற்றே என்று அதில் மட்டும் துணி படாமல் சுற்றித் துடைப்பார். சந்தனம் காய்ந்து வெடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நான் புதிதாக அப்புவேன். முதலாளியம்மா அதில் ஒரு செம்பருத்தியும் செருக ஆரம்பித்தார்.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. சந்தனம் கரைந்து ஓடியது. முதலாளி கதவைப் பார்த்தார்.

"கருப்பையா! எங்க இடிச்ச?"

"சத்தியமா நா இடிக்கலைங்கய்யா."

"பின்ன, காரே போயி முட்டிக்கிருச்சா? சாவிய வச்சுட்டு வீட்டுக்குப் போ."

அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். அவர் சாவியை எடுத்து நீட்டியதைப் பார்த்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. "மொதலாளி, நாந்தாங்க... பூசணிக்காங்க... ஒத்திகைங்க..." என்று உளறிக்கொட்டினேன்.

முதலாளி என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, மூணு வாரமா எம் பொஞ்சாதி பூ வச்சுக் கும்புட்டது ஒரு ஒடுக்கையா?"

உள்ளேயிருந்து முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் வேலை தப்பியது. கருப்பையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கே சொல்லிருந்தா நானே ஒடுக்கத் தட்டி எடுத்திருப்பேன்ல அப்பு" என்றார். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னாளப்பட்டியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நெற்றியில் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டார்கள். வாழ்த்த வந்த கருப்பையா அண்ணன் கட்டைவிரலால் என் நெற்றியை அழுத்திப் பார்த்தார். பிறகு பெண் வீட்டார் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "உள்ள ஒடுக்கு ஒண்ணும் இல்லைங்க. நம்பிப் பொண்ணக் குடுக்கலாம்."

அன்றைக்கு அண்ணன் வாயால் முழுக்கதையையும் கேட்டவள் இன்றுவரை விடவில்லை. விசேஷம் எதுவும் இல்லாத நாளில் நான் மல்லிகைப்பூ வாங்கி வந்தால், அதைத் தலையில் வைப்பதற்கு முன்னால் என் மனைவி கேட்கிறாள்:

"எங்க இடிச்சீங்க?"