மாப்பிள்ளை அனுப்பிய கார்டு

கோவில்பட்டி
20.10.1999

கோயம்புத்தூரிலிருக்கும் அக்கா மகனும், வருகிற தை மாதம் என் மகள் சத்யபிரியாவுக்கு மாலையிட இருப்பவருமான சிரஞ்சீவி பாண்டியராஜனுக்கு, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மாமா ஆறுமுகசாமி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். மழைதான் இல்லை.

நீங்கள் செய்து அனுப்பிய கார்டைக் கம்ப்யூட்டருக்குள் சொருகி, அதன் ஒயர்களை லேபிள் ஒட்டும் மெஷினின் மோட்டார்களுக்குக் கொடுத்தோம். முதலில் தீப்பெட்டி வைக்கிற தட்டு தானாக மூலைக்குப் போகும், அங்கே இருக்கிற சென்சார் கண் அதைப் பார்த்ததும் மோட்டார் நின்றுவிடும், பிறகுதான் வேலை தொடங்கும் என்று கூடவே அனுப்பிய நோட்டில் எழுதியிருந்தீர்கள். பூஜை போடாமல் ஓட்டக் கூடாது என்று ஆயுத பூஜை வரை பொறுத்திருந்தேன். அன்று மானிட்டர், மோட்டார், தட்டு என்று ஒரு இடம் விடாமல் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்க மாப்பிள்ளை செஞ்சது என்று சொல்லி ஊரிலுள்ள தீப்பெட்டி முதலாளிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தேன். பட்டனைத் தட்டினேன். தட்டு மூலைக்குப் போச்சு. அங்கன நிக்கல. மூலையைத் தாண்டிப் போய், பசைச் சட்டியையும் லேபிள் கட்டையும் இடிச்சு, முன்னால உக்காந்திருந்த சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி மடியில தள்ளிட்டு. அவிய வேட்டியில லேபிள் நல்லா ஒட்டுச்சு. அன்னைக்கு மெஷின் பாத்த வேலை அது ஒண்ணுதான். "ஏலே ஆறுமுகம், நிக்கத் தெரியாத சாமானுக்கு எதுக்குல இம்புட்டு பூசை?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி பொரிகடலைகூட வாங்காமல் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துட்டு மாப்பிள்ளை.

ஆகவே, கார்டைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். கல்யாணப் பத்திரிகையும் அச்சுக்குப் போகாது. ஒரு தட்டை நிறுத்தத் தெரியாதவரை நம்பிப் பெண்ணைக் கொடுக்க முடியாது. சத்யபிரியா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் நீங்கள் எழுதி அனுப்பிய அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அக்காவுக்கு என் நமஸ்காரம். கழுகுமலை முருகன் உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி

பி.கு.: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். இப்போதுதான் சத்யபிரியா ஈரத்துணியால் மெஷினைத் துடைத்தாள். சென்சார் கண்ணை மறைத்து எட்டணா அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கிடந்திருக்கிறது. எடுத்ததும் தட்டு மூலைக்குப் போய்ச் சமத்தாக நின்றது. ஏழு தடவை ஓட்டினோம், ஏழு தடவையும் நின்றது. கார்டு எங்கேயும் போகாது. கல்யாணம் தையில்தான். சந்தனம் வைத்தது யாரென்று அவளுக்குத் தெரியாது, நீங்களும் கிளற வேண்டாம். கையிலிருந்தது இந்த ஒரே இன்லண்டு லெட்டர் என்பதால் இதையே அனுப்புகிறேன். தபாலில் போட அவளிடம்தான் கொடுக்கிறேன்.

அத்தான், ஒட்டுறதுக்கு முன்னால படிச்சிட்டேன். எங்க வீட்ல எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைக்கிறது அப்பா ஒருத்தர்தான். அந்தக் கண்ணுக்கு ஒரு மூடி செஞ்சு அனுப்புங்க. அடுத்த வருசமும் ஆயுத பூஜை வரும், அப்ப நான் இங்க இருக்க மாட்டேன். - சத்யபிரியா