விண்ணுக்குப் போன அப்பம்

மலையூரான நடுவட்டத்தில் அந்த வருஷம் தேயிலையைவிட அப்பம்தான் அதிகம் விளைந்தது. வெள்ளிக்கிழமை காலையானால் ஓவேலியிலிருந்துகூட ஜனங்கள் பஸ் ஏறி வந்தார்கள். எல்லோர் கையிலும் தூக்குச்சட்டி. அதற்குள் அப்பம். தின்பதற்கல்ல, வானத்துக்கு.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பியவர்கள். தாயகம் அவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்த ஒரே பொருள், "விண்ணப்பம் போடுங்கள்" என்ற பதில். வேலைக்கு விண்ணப்பம், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு விண்ணப்பம். போட்டார்கள். காத்திருந்தார்கள்.

ஜனம் காத்திருக்கிற இடத்துக்குச் சாமியார் வராமல் இருப்பாரா? வந்தார். பெயர் முனியசாமி. கோயமுத்தூர்ப் பக்கம் கிளி ஜோசியம் பார்த்தவர். கிளி பறந்துபோனதும் ஞானம் வந்தது.

"ஏனுங்க, விண்ணப்பம்னா என்னன்னு நெனச்சீங்க? விண்ணுக்குப் படைக்கற அப்பமுங்க! வெறும் காயிதத்தைக் குடுத்தா எப்படி நகரும்?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சொல்லைப் பிய்த்துப் பொருள் சொன்னால் நாம் எதைத்தான் நம்பமாட்டோம்?

ரோட்டுக்கு மேலே ஒரு பாறை. அதில் அப்பத்தை வைத்துவிட்டு, மூடுபனி இறங்கியதும் எல்லோரும் முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடி மன்றாட வேண்டும். திரும்பிப் பார்த்தால் விண்ணப்பம் தள்ளுபடி. பனி விலகும்போது பாறை காலி. வீரையா என்பவனுக்கு அப்பம் வைத்த மறுவாரமே வீடு கிடைத்தது. அதற்கு முன்பே அவன் தோட்ட ஆபீஸுக்கு நடையாய் நடந்ததை யாரும் பேசவில்லை. அதில் அற்புதம் இல்லையே!

முத்துவேலும் அவன் மனைவி தெய்வம்மாவும் சாக்குப்படுதாக் குடிசையில் இருந்தார்கள். மழைக்காலம் நெருங்கியது. சின்ன மகளுக்கு இருமல். ரேஷன் அரிசியெல்லாம் முத்துவேலின் பக்தியில் மாவாகிப் பாறைக்குப் போனது. பிள்ளைகளுக்குப் பாலில்லாத வெறும் பிளேன்டீ. ஒருநாள் சின்னவள் அப்பச்சட்டியைச் சுரண்டித் தின்பதைத் தெய்வம்மா பார்த்தாள். நேராகச் சாமியாரிடம் போனாள்.

"சாமி, விண்ணப்பம் ஒரு அப்பம்னா, குழப்பம் என்னா அப்பம்?"

சாமியார் அசரவில்லை. "அது சந்தேகப்படறவங்க திங்கற அப்பமுங்கம்மா."

கூட்டம் சிரித்தது. தெய்வம்மாவும் சிரித்தாள். பதில் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஒரே ஒரு தடித்த அப்பம் சுட்டாள். கறுப்புத் தையல் நூலின் நுனியை மாவுக்குள் வைத்தே வேகவிட்டாள். நூல்கண்டை மடியில் கட்டிக்கொண்டாள்.

பனி இறங்கியது. எல்லோரும் முதுகைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் மடியில் நூல்கண்டு உருண்டது. தெய்வம்மா நூலைப் பிடித்துக்கொண்டாள். திரும்பினால் கிடைக்கிற வீடும் போய்விடுமோ? திரும்பினாள். நூல் மேலே போகவில்லை. பக்கவாட்டில், சரிவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"விண்ணு இந்தப் பக்கமா இருக்கு. வாங்க, போய்ப் பாப்போம்" என்றாள் நிதானமாக.

முதலில் வீரையா நூலைப் பிடித்தான். பிறகு எல்லோரும் பிடித்தார்கள். தேயிலைச் செடிகளைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, நூல் ரோட்டோர டீக்கடையின் பின்வாசலில் நுழைந்தது. கடைக்காரன் வேலன், சாமியாரின் மச்சான், சாக்கிலிருந்து அப்பங்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு லாரி டிரைவர் வாயிலிருந்து முழம் முழமாக நூலை உருவியபடி, இது என்ன தேங்காய் நாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்துவேல்தான் சுவரில் சாய்ந்துவிட்டான். வாராவாரம் மன்றாட்டு முடிந்ததும் அவன் அப்பம் தின்றது இங்கேதான். வீட்டில் சுட்டது மாதிரியே இருக்கிறது என்று மெச்சியும் இருக்கிறான்.

சாமியார் காவித்துண்டைத் தலைப்பாகையாக மாற்றிக்கொண்டு கூடலூர் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. பெட்டியிலிருந்த அப்பங்களைப் பிள்ளைகள் தீர்த்தார்கள்.

மறுநாள் தெய்வம்மா எல்லோரையும் திரட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். குடிசைகள் ஒழுகுவதை, பிள்ளைகள் இருமுவதை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இத்தனை பேர் படுதாவுக்குள் கிடப்பது தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார் குமாஸ்தா லோயிஸ். மழைக்கு முன்பே வீடு கிடைத்தது என்று எழுத ஆசைதான். மழை பாதி பெய்த பிறகுதான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது.

விண்ணப்பம் என்ற சொல்லை அகராதியில் தேடினேன். விண்ணும் இல்லை, அப்பமும் இல்லை. பிராகிருதத்திலிருந்து வந்த சொல். 'தெரியப்படுத்துதல்' என்று பொருள். தெரியப்படுத்துவதானால் காது உள்ளவனிடம் போக வேண்டும். சாமியாரிடம் இருப்பது வாயும் வயிறும்தான். அடுத்த முறை மாவு கரைக்குமுன் கொஞ்சம் மூளையையும் கசக்குங்கள், ஐயா!