வகை எண் பதினான்கு

"யாரும்மா மாட்டிக்கிட்டது?"

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்தபடி முதலுதவிக்காரர் மூச்சு வாங்கினார். பின்பக்கத்தைப் பிடித்திருந்த உதவியாளர் அதையும் வாங்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"இங்க யாரும் மாட்டிக்கலையே அண்ணே."

"ஸ்கிரீன்ல வந்துச்சே. வகை பதினாலு, மூணாவது மாடி. லிஃப்ட் வேற வரலை. படியேறி வந்திருக்கோம்."

பதினாலு என்றதும், மேசையிலிருந்து எழுந்து நின்றவள் தன் கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆபீசில் அவளுக்கு 'செக்லிஸ்ட்' என்று பெயர். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பவள். அப்போதும் பூட்டின் மேல்தான் நம்பிக்கை வரும், தன்மேல் வராது. அன்றோடு அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. நான்கு மணிக்குள் அவள் எழுதும் கையேடு மேனேஜர் மேசையில் இருந்தால் வேலை நிரந்தரம். ஆகிவிட்டது என்றே அம்மா பெரியம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

கையேடு ஏபிஐ என்னும் மென்பொருள் கருவி ஒன்றைப் பற்றியது. கட்டடத்தில் யாராவது வழுக்கி விழுந்தால், கையைச் சுட்டுக்கொண்டால், அலாரத்தை அமுக்கியதும் அது என்ன வகைச் சம்பவம் என்பது முதலுதவி அறையின் திரையில் எண்ணாகத் தெரியும். அந்த வகைகளின் பெயரையும் தீவிரத்தையும் ஒரு வரிக் கட்டளையில் மாற்றுவதற்குத்தான் கருவி. எடுத்துக்காட்டுக்கு அவள் பதினாலாம் வகையை எடுத்தாள். 'மாட்டிக்கொள்ளுதல்'. நான்கு வருடமாக யாரும் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. சாதுவான வகை. அதை 'சிக்கிக்கொள்ளுதல்' என்று மாற்றும் கட்டளையை எழுதினாள். அனுப்பிப் பார்க்காமல் கையேட்டில் சேர்க்க மனம் வரவில்லை. அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர்.

"அது என் தப்புண்ணே. நான்தான் பேரை மாத்தினேன். நீங்க போங்க."

"பேரை மாத்தினதுக்கு ஸ்ட்ரெச்சரா? நல்ல கருவி."

அவர்கள் இறங்கிப் போனதும் கையேட்டில் 'எச்சரிக்கை 1' என்று எழுதினாள். கருவியைச் செய்த புரோகிராமரைக் கேட்கலாமென்றால் அவன் பல் பிடுங்கப் போயிருந்தான். மேனேஜரிடம் ஒப்புக்கொள்ளலாமென்றால் அறையில் ஆளில்லை. போன் போகவில்லை. விஷயம் தெரிந்து கோபத்தில் அணைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டாள்.

பழைய பெயரையே திரும்பப் போட்டாள். கட்டளையை மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம்.

"மறுபடியும் பதினாலு," என்றார் முதலுதவிக்காரர்.

"மறுபடியும் நான்தாண்ணே."

"ஏம்மா, எங்க மேல ஏதாவது கோபமா? எனக்கு முட்டி ஏற்கெனவே தகராறு."

உதவியாளர் ஸ்ட்ரெச்சரை விரித்து அதில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அவள் 'எச்சரிக்கை 2' எழுதினாள்.

தீவிரம்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றியது. பதினாலுக்கு 'கடுமை' என்று இருந்தது. அதை 'லேசு' என்று மாற்றினால் ஸ்ட்ரெச்சர் வராது. மாற்றினாள்.

இந்தத் தடவை ஸ்ட்ரெச்சரோடு ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தது.

"ரெண்டு தரம் வந்துட்டுச் சும்மா திரும்பிட்டோம்ல, மேலதிகாரி சந்தேகப்பட்டுக் கூடவே இதையும் அனுப்பிட்டாரு," என்றார் முதலுதவிக்காரர். குரல் தணிந்திருந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். இனிமே பதினாலு வந்தா கண்டுக்காதீங்க. எத்தனை தடவை வந்தாலும் அது நான்தான்."

"அப்படியெல்லாம் விட முடியாது. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். 'வகை பதினான்கில் வரும் அழைப்புகள் அனைத்தும் என் பிழையே. எவரும் வரத் தேவையில்லை.' தேதி, நேரம், கையெழுத்து. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். முதலுதவிக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு படிக்கட்டில் சத்தமே இல்லை.

நான்கு அடிக்கப் பத்து நிமிடம். கையேட்டில் எடுத்துக்காட்டு ஒன்று, எச்சரிக்கை மூன்று. மேனேஜர் அறை இன்னமும் காலி. கையேட்டை அவர் மேசையில் வைத்தாள். ஓரம் மேசையோடு சேரும்படி நேராக்கினாள். மேலே ஒரு மன்னிப்புக் கடிதமும் வைத்தாள்.

திரும்பி வந்தபோது புரோகிராமர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. வாய் நிறைய பஞ்சு. அவள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு பேச முடியாததால் தட்டெழுதிக் காட்டினான்.

'இது பயிற்சி சர்வர். நீ இதுல எதை மாத்தினாலும் வெளியில ஒரு எறும்புக்குக் கூடத் தெரியாது.'

அவள் அதை நான்கு முறை படித்தாள். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அம்மாவுக்குப் போன் செய்யக் கைப்பேசியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அப்ப மூணு தடவையும் அலாரம் அடிச்சது யாரு?"

புரோகிராமர் தோளைக் குலுக்கினான்.

படிக்கட்டு வழியாக, கையில் ஸ்பானரும் முழங்கை வரை கிரீசுமாக, லிஃப்ட் மெக்கானிக் ஏறி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்க 'அது நான்தான், போங்க'ன்னு சொல்ற பொண்ணு யாரும்மா? உங்க மேனேஜர் ரெண்டு மணியிலேருந்து இந்தச் சுவத்துக்குப் பின்னாடி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, அலாரத்தை அமுக்கி அமுக்கி விரல் வீங்கி, நீங்க பேசினது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, யாருக்கோ நேர்ல குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்த வேலை நிரந்தர உத்தரவாலயே விசிறிக்கிட்டு இருக்காரு."